வண்ணப் படமும் வாழ்க்கைத் துயரும்

'மனச்சோர்வு மூளையின் கோளாறு. மூளையைப் படம் பிடித்துவிட்டோம். இனிக் காந்தத்தால் அதனைச் சீராக்குவோம்' என்றொரு பிரசாரம் மேனாடுகளில் வலுப்பெற்று வருகின்றது. இதற்கு எதிர்க்கோடியில் நிற்கும் நம்மவர் சிலரோ, 'இது செல்வர்களின் நோய். சமுதாயம் மாறினால் தானே தீரும்' என்று கைகழுவி விடுகின்றனர். இவ்விரு கூற்றுக்களையும் நாம் மறுக்கின்றோம்.

முதலில் நம்மவரோடு வழக்காடுவோம். காந்தத் தூண்டல் மந்திரமும் அன்று, மாயமும் அன்று. 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே அன்ரனி பார்க்கரும் அவருடன் உழைத்தோரும், தலைமேல் வைத்த கம்பிச் சுருளிற் கணநேரம் மின்னைப் பாய்ச்சி, அதனால் எழுந்த காந்தப் புலத்தைக்கொண்டு, மண்டையோட்டைத் திறவாமலே மூளையைத் தூண்டிக் கைத்தசைகளை அசையச் செய்தனர். நெற்றிக்குப் பின்னே இடப்புறத்துள்ள மூளைப்பகுதியை நாள்தோறும் தூண்டினால் மனச்சோர்வு தணியுமெனப் பின்வந்தோர் கண்டனர். 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கிற்று. மருந்தாற் பயன்பெறாத பலர் இதனால் தேறியுள்ளனர். இத்தகையோரைப் பார்த்து, 'புதிய சமுதாயம் பிறக்கும்வரை பொறுத்திரு' என்பது முற்போக்கு அன்று, ஈவிரக்கமின்மை.

இனி, மறுதரப்பார் ஏந்திவரும் வண்ணப் படத்தை நோக்குவோம். அதிற் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறங்கள் அல்ல. குருதியின் ஒட்சிசன் மாற்றங்களை அளந்து, கணக்கிட்டு, கணனி தீட்டிய நிறங்களே அவை. ஒருவரது படத்தை மட்டும் பார்த்து, 'இவருக்கு மனச்சோர்வு உண்டு' என அறுதியிட்டுக் கூற இன்றும் இயலாது.

2021இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படத்தின் துணையுடன் இடங்குறித்து, நாளொன்றுக்குப் பத்துத் தடவையாக 5 நாட்கள் தூண்டப்பெற்ற 14 பேரில் 11 பேர் ஒரு மாதத்துள் நோய் நீங்கப்பெற்றனர். போலிச் சிகிச்சை பெற்ற 15 பேரில் அவ்வாறு நீங்கப்பெற்றோர் இருவரே. போற்றத்தக்க பேறுதான். ஆனால், அது படத்தின் வெற்றியா, தூண்டலின் வெற்றியா? 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று 255 நோயாளரை இரு பிரிவாக்கிச் சோதித்தது. மூளைப்பகுதிகளின் தொடர்பைப் படம்பிடித்து இலக்குக் குறித்த புதுமுறை, மூளையின் அமைப்பை மட்டும் படம்பிடித்துச் செய்யும் முறையை விஞ்சவில்லை. இரு பிரிவினரும் தேறினர்.

அவ்வாறாயின், படத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? அது தனிமனிதனின் தலையை மட்டும் காட்டுகின்றது. அவனது வீட்டையும் வேலைத்தலத்தையும் காட்டுவதில்லை. 1978இல் ஜோர்ஜ் பிரவுணும் ரிறில் ஹரிஸும், இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே தாம் நடத்திய ஆய்வை நூலாக்கினர். தொழிலாளர் வர்க்கப் பெண்களையே மனச்சோர்வு பன்மடங்கு மிகுதியாகப் பற்றியிருந்தது. மனந்திறந்து பேச நெருங்கிய துணையின்மை, வீட்டிற் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ மேற்பட்டோரோ இருத்தல், வெளியே தொழிலின்மை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்தமை ஆகிய நான்கும், வாழ்வில் இடிவிழும்போது அவர்களை எளிதில் வீழ்த்தின. இந்நான்கையும் எந்தப் பொறியாற் படம்பிடிப்பது?

மூளையின்றி மனத்துயர் இல்லை, உண்மை. ஆனால், அந்த மூளை வாழ்வது சமுதாயத்தில். ஆதலின் காந்தத்தை எதிர்ப்பது நம் வேலையன்று. அதனைப் பொது வைத்தியசாலையில் அனைவர்க்கும் உரியதாக்கக் கோருவதே நம் வேலை. வழக்கமான சிகிச்சை வாரத்துக்கு 5 நாட்களாக 4 முதல் 6 வாரம் நீள்கின்றது. கூலியை இழக்காது அத்தனை நாள் வந்து போகக் கூடியவர் யார்? காந்தத்தின் பயனைப் பேசுவோர் முதலில் இவ்வினாவுக்கு விடை கூறட்டும்.