'பழசுன்னா அப்படித்தான் இருக்கும்' என்பது சட்டத்தில் செல்லாத பதில்

அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். புது லேப்டாப் வாங்கும் அளவுக்கு வீட்டில் வசதி இல்லை. ஆன்லைனில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: "ஐ5, 8-வது ஜெனரேஷன், பேட்டரி 4 மணி நேரம் நிக்கும், கண்டிஷன் பக்கா, 17,000 ரூபாய்." விற்பவர் சென்னையில் இருக்கிறார். யுபிஐ-யில் பணம் போகிறது, மூன்றாம் நாள் கூரியரில் பெட்டி வருகிறது. ஆன் செய்து பார்த்தால் பிராசஸர் ஐ5-6300யூ. ஐ5-க்குப் பின்னால் வரும் முதல் எண்தான் ஜெனரேஷனைச் சொல்வது. ஆக, இது 6-வது ஜெனரேஷன். பேட்டரி 40 நிமிடத்தில் படுத்துவிடுகிறது. மூடியின் மேல் ஏதோ ஒரு கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம் வேறு. போன் செய்தால் பதில் தயாராக இருக்கிறது: "செகண்ட் ஹேண்ட் தானே தம்பி, பழசுன்னா அப்படித்தான் இருக்கும். நோ ரிட்டர்ன்னு முதல்லயே சொல்லியிருக்கோமே."

மாணவர் கற்பனைதான். லேப்டாப்புக்குப் பதில் ஐபோன், பைக், கேமரா, வாஷிங் மெஷின் என்று எதைப் போட்டாலும் கதை மாறாது. முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான்: நாலு நாள் போன் செய்து பார்ப்பது, அஞ்சாவது நாள் நம்பர் பிளாக், அப்புறம் "போனது போகட்டும்". இந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் தப்பாக விவரித்து விற்கும் வியாபாரமே ஓடுகிறது.

விற்பவரின் அந்தப் பதிலில் ஒரு தந்திரம் இருக்கிறது. பொருள் பழசு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. மாணவர் பழசு என்று தெரிந்துதான் வாங்கினார். அவர் கேட்பது வேறு. 8-வது ஜெனரேஷன் என்று சொன்னது எங்கே? நாலு மணி நேரம் எங்கே? பொருளின் வயதைப் பற்றிய கேள்வியாக இதை மாற்றிவிட்டால், சொன்ன வார்த்தையைப் பற்றிய கேள்வி காணாமல் போய்விடும்.

சட்டம் பார்ப்பது சொன்ன வார்த்தையைத்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'குறைபாடு' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், பொருளைப் பற்றி வணிகர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரத்தில் குறைவு இருந்தாலும் அது குறைபாடுதான். பழைய பொருளுக்கு இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட தரம் அல்லது மாடல் என்று பொய்யாகச் சொல்லி விற்பதும், பழசையோ புதுப்பித்ததையோ புதுசு என்று விற்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. இதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரித்து விற்கும் பொருள் விவரித்தபடி இருந்தாக வேண்டும் என்கிறது. பொருளை நேரில் பார்க்காமல், விளம்பரத்தை மட்டும் படித்து வாங்கும் ஆன்லைன் வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது.

'நோ ரிட்டர்ன்' விஷயத்துக்கும் பதில் உண்டு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாமலோ இருந்தால், அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் ஆன்லைன் தளத்தில் விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் எதைப் போட்டுக்கொண்டாலும் இதுதான் நிலை. புகார் வந்தால் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'சின்ன கீறல் இருக்கு' என்று போட்டோவோடு போட்ட போனில் கீறல் இருப்பது தப்பான விவரிப்பு ஆகாது. வாங்கின பிறகு மனசு மாறிவிட்டது, அதைவிட மலிவாக இன்னொன்று கிடைத்துவிட்டது என்பதெல்லாம் இந்த விதிகளுக்குள் வராது. விற்பவர்களுக்கும் ஒரு பயம் உண்டு: நல்ல ரேமை உருவிக்கொண்டு பழைய ரேமைச் செருகித் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டியைப் பிரிக்கும்போது சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரே வீடியோவாக எடுத்து வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

விற்பவர் யார்?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். மேலே சொன்ன மின்வணிக விதிகள், தன் சொந்தப் பொருளை எப்போதோ ஒரு முறை விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. அது நியாயம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் பையன் ஓட்டிய பழைய சைக்கிளை ஓஎல்எக்ஸில் போட்டு விற்பதை ஒரு கடைக்காரருக்கான விதியால் கட்ட முடியாது. அவர் பொய் சொல்லி விற்றிருந்தால் 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பேரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிந்தால் போலீஸ்.

ஆனால் அந்தச் சைக்கிள்காரருக்காக விட்ட சந்து வழியாக முழுநேர வியாபாரிகள் நுழைந்துவிடுகிறார்கள். கடைப் பெயர் கிடையாது, பில் கிடையாது. 'பர்சனல் யூஸ், அர்ஜென்ட் சேல்' என்று ஒரு வரி. அதே நம்பரில் தேடினால் அதே மாடலில் பத்து லேப்டாப் விற்பனைக்கு இருக்கும். எந்த மனிதருக்கு பத்து 'பர்சனல் யூஸ்' லேப்டாப் இருக்கும்? விதியில் உள்ள அளவுகோல், அது முறையாகவோ தொடர்ச்சியாகவோ செய்யும் தொழிலா என்பது. எனவே பணம் அனுப்பும் முன் பொருளின் விளம்பரத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. அந்த நபர் போட்டிருக்கும் மற்ற விளம்பரங்களையும் எடுத்து வைக்க வேண்டும். "நான் தனி ஆளுங்க" என்று பின்னால் அவர் சொல்லும்போது அதுதான் பேசும்.

இந்த வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவது சரியா என்பது வேறு கேள்வி. ஒரு நம்பரிலிருந்து மாதம் எத்தனை விளம்பரம் வருகிறது என்பது தளங்களுக்குத் தெரியாமல் இல்லை. கூடுதல் விளம்பரத்துக்குக் காசு வாங்குகிற இடத்தில் அந்தக் கணக்கு நன்றாகவே தெரிகிறது. அவரை 'டீலர்' என்று காட்டுவதும், விற்று முடிந்த பொருளின் விளம்பரத்தை வாங்கியவர் பார்க்கும்படி ஒரு வருடமாவது விட்டு வைப்பதும் தொழில்நுட்ப ரீதியாகப் பெரிய வேலை இல்லை. இன்றைக்கு விற்றவர் விளம்பரத்தை அழித்துவிட்டால் அவர் கொடுத்த வாக்கும் அதோடு அழிகிறது. "நாங்க ரெண்டு பேரையும் சந்திக்க வைக்கிறவங்க மட்டும்தான்" என்ற பேச்சை அரசு இன்னும் எத்தனை நாள் ஏற்றுக்கொள்ளப் போகிறது என்று தெரியவில்லை.

அன்றைக்கே சொல்ல வேண்டும்

பொருள் சொன்னபடி இல்லை என்று தெரிந்தபின் பலரும் செய்யும் தப்பு, "சரி, பார்த்துக்கலாம்" என்று அதில் சாஃப்ட்வேர் போட்டு இரண்டு வாரம் ஓட்டுவது. சரக்கு விற்பனைச் சட்டத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. பொருள் தனக்குச் சொந்தம் என்பதுபோல நடந்துகொண்டாலோ, நியாயமான காலம் தாண்டியும் எதுவும் சொல்லாமல் வைத்திருந்தாலோ, அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எனவே பெட்டி வந்த அன்றைக்கோ மறுநாளோ எழுத்தில் சொல்லிவிட வேண்டும். போனில் கத்துவது கணக்கில் வராது. வாட்ஸ்அப்பில், மெயிலில், தளத்தின் சாட்டில் மூன்று வரி போதும்: விளம்பரத்தில் சொன்னது இது, வந்திருப்பது இது, நான் ஏற்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும். பேட்டரி சங்கதிக்கு விண்டோஸிலேயே ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதாக இருந்தபோது எவ்வளவு சார்ஜ் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்ணும் அதில் வரும்.

அடுத்து, "நீங்க கூரியர்ல அனுப்புங்க, பாத்துட்டுப் பணம் போடுறோம்" என்பார்கள். இங்கே கொஞ்சம் நிற்கலாம். நியாயமான காரணத்தோடு பொருளை மறுப்பவர் அதைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, மறுத்துவிட்டேன் என்று விற்பவருக்குத் தெரிவித்தாலே போதும் என்கிறது அதே 1930-ம் வருடச் சட்டம். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, "நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க" என்று கேட்கலாம். இல்லாவிட்டால் பணமும் போய் பொருளும் போய் நிற்க வேண்டி வரும். ரீஃபண்ட் என்ற பெயரில் க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது இரண்டாவது திருட்டு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. அப்படிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

தண்ணியில நின்ன வண்டி

கடலூர் மாவட்டத்துக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. 2015 வெள்ளத்திலும், 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைபுரண்டபோதும், வாசலில் நின்ற வண்டிகள் அப்படியே மூழ்கின. தண்ணீரில் நின்ற பைக்கைக் கழுவி, ஆயில் மாற்றி, பாலிஷ் போட்டால் போட்டோவில் புதுசு மாதிரியே தெரியும். வயரிங்கில் ஏறிய துரு சில மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நம்பர் பிளேட்டில் டிஎன் 31 (கடலூர்), டிஎன் 91 (சிதம்பரம்) என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டியும் இங்கே விற்பனைக்கு வரலாம்.

விளம்பரத்தில் 'வெள்ளத்தில் மூழ்காதது' என்று யாரும் எழுதுவதில்லை. 'சிங்கிள் ஓனர், மெயின்டனன்ஸ் சூப்பர்' என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஒப்பந்தச் சட்டத்தில், ஒரு விஷயத்தைத் தெரிந்தே திட்டமிட்டு மறைப்பது மோசடி. ஆனால் வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. இந்த இடைவெளியை அடைக்கும் வழி மிகச் சாதாரணமானது: கேட்பது. "அண்ணா, வண்டி எப்பவாவது வெள்ளத்துல நின்னிருக்கா? ஆக்சிடென்ட் ஆகியிருக்கா?" என்று சாட்டில் கேட்டு, "இல்லப்பா" என்று பதில் வந்துவிட்டால், அதுவரை மௌனமாக இருந்தது இப்போது ஒரு வாக்கு. பதில் சொல்லாமல் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்றால் அதுவும் ஒரு பதில்தான். போன் என்றால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணைக் கேட்டு வாங்கி, சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அது முடக்கப்பட்டதா, எந்த மாடல் என்பது தெரிந்துவிடும்.

கடலூருக்கே வரும் வழக்கு

1986-ம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பு எங்கே தொழில் செய்கிறதோ, பிரச்சினை எங்கே எழுந்ததோ அங்கேதான் வழக்குப் போட முடியும். ஆன்லைன் வியாபாரத்தில் 'பிரச்சினை எழுந்த இடம்' எது என்பதே தனி வழக்காக இழுக்கும். 2019 சட்டம் இதை மாற்றிவிட்டது. வாங்கியவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். விற்றவர் சென்னையில் இருந்தாலும் பெங்களூருவில் இருந்தாலும், சிதம்பரத்துக்காரர் போக வேண்டியது கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். பெரிய தளங்கள் பல இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உண்டு.

அங்கேயும் சரியாகவில்லை என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. காணொலி வழியாக விசாரிக்கக் கேட்கும் வசதி சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டி இழுப்பது சகஜம். இதை மறைத்து ஆசை காட்டுவதில் பயனில்லை. மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் பழைய கேமராவை வாங்கிக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்து, அதில்தான் பிழைப்பு என்று இருப்பவர் நுகர்வோர்தான்.

அந்த மாணவரின் 17,000 ரூபாய்க்கு வேண்டியவை: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்பவரின் மற்ற விளம்பரங்கள், யுபிஐ ரசீது, கூரியர் சீட்டு, பெட்டி பிரித்த வீடியோ, மறுத்துவிட்டதாக அன்றைக்கே அனுப்பிய மெசேஜ். மனு போட அவருக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. விளம்பரத்தை அழிக்க விற்றவருக்கு இரண்டு நிமிடம் போதும்.