ஒருவன் தப்புக்கு எல்லோரையும் நிறுத்தலாமா?

நெட்வொர்க் என்றதும் நம் பாடப்புத்தகம் ஹப், சுவிட்ச் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இன்று அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்கள் போன்ற இடங்களில் ஒரே நெட்வொர்க் கார்டைப் பல விர்ச்சுவல் மெஷின்கள் பங்குபோட்டுக்கொள்ள முடியும். இதற்கான எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. என்ற விதிமுறை 2007-ல் வந்தது. கார்டை நிர்வகிப்பது பி.எஃப்., அதாவது பிசிக்கல் ஃபங்ஷன். அது பிரித்துக் கொடுக்கும் பங்குகள்தான் வி.எஃப்., விர்ச்சுவல் ஃபங்ஷன்.

எங்க பசியாவரம் பக்கம், பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரி ஒன்றுதான், யார், எங்கே, எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் முறை தவறினால் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். மற்றவங்க படகையெல்லாம் கரையேத்தச் சொல்வார்களா?

கார்டிலும் இதே வழக்குதான். ஒரு வி.எஃப். தப்பான முகவரிக்கு டி.எம்.ஏ. எழுதப் பார்த்தால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பிழை எழும். கார்டு முழுவதையும் ரீசெட் செய்தால், ஒழுங்காக வேலை பார்த்த வி.எஃப்.களின் பிழைப்பும் சேர்ந்து போகும். இன்டெல் கார்டுகளுக்கான லினக்ஸ் டிரைவர் ஐ.எக்ஸ்.ஜி.பி.ஈ., பிழையோடு வரும் ரிக்வெஸ்டர் ஐ.டி.யைப் பார்த்து, தப்பு செய்த வி.எஃப்.-க்கு மட்டும் எஃப்.எல்.ஆர். என்ற தனி ரீசெட் கொடுக்கும். இது நியாயம்.

மறுபடியும் அதே தப்பைச் செய்தால்? இங்கேதான் கருத்து வேறுபாடு. ஐ40ஈ டிரைவரின் பழைய பதிப்பில், தப்பை எண்ணி, அளவு தாண்டினால் முடக்கிவிடும் முறை இருந்தது. ஐஸ் டிரைவரில் தானாக ரீசெட் செய்யும் வசதி உண்டு; நிர்வாகி ஆன் செய்தால்தான். ஓயாமல் ரீசெட் செய்துகொண்டே இருந்தால் கோளாறு மூடிப்போகும், யாரும் தேடமாட்டார்கள். முதல் தப்புக்கே பூட்டினால் நடுராத்திரியில் ஒருவருடைய வேலை நின்றுபோகும். எண்ணிப் பார்த்து, பிறகு பூட்டி, லாகைப் படித்த ஒரு மனிதர் வந்து திறப்பதே சரி என்பது என் கட்சி.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இந்தக் கண்காணிப்புக்கு 'மலிஷியஸ் டிரைவர் டிடெக்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலிஷியஸ் என்றால் கெட்ட எண்ணம்! பழைய டிரைவரோ, நீளம் தப்பாகப் போட்ட ஒரு டிஸ்கிரிப்டரோ காரணமாக இருக்கலாம். கார்டுக்கு மனசைப் படிக்கத் தெரியுமா? எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். புதுசா வந்தவன் தடுமாறுவதையும், வேணும்னே செய்வதையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

யூனியனுக்கு ஒரு விண்ணப்பம். 82599 சிப் உள்ள பழைய கார்டு ஒன்றை ஆய்வகத்துக்குக் கேட்டு வாங்குங்கள். லினக்சில் ஒரு போர்ட்டுக்கு 63 வி.எஃப். வரை பிரிக்கலாம், வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிஞ்சும்.