கரகம் இறங்கிய பிறகு



பங்குனி பிறந்துவிட்டால் தென்மாவட்டங்களில் பொங்கல், கொடை, முளைப்பாரி என்று வரிசைகட்டும். கரகாட்டச் செட்டுகளுக்கு அதுதான் சம்பாத்தியக் காலம். பல செட்டுகளில் திருநங்கைகளும் ஆடுகிறார்கள். நையாண்டி மேளம் சூடுபிடித்த பிறகு, தலைக்கரகம் அசையாமல் உடம்பை வளைத்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பார்கள். வருடக்கணக்கில் பழகினால் வரும் வித்தை. ஆனால் கூட்டத்துக்கு அது போதாது. இரட்டை அர்த்தத்தில் நாலு பேச்சுப் பேசினால்தான் விசில் பறக்கும், அடுத்த வருடமும் அழைப்பு வரும்.

ஆடி கழிந்தால் ஆட்டம் குறைந்துவிடும். அப்போது, ஆடிய அதே ஊரில் ஒரு திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். ‘குடும்பம் இருக்கிற தெரு’ என்பார்கள். ஜவுளிக்கடையில் வேலை கேட்டால் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்கள். மிச்சம் இருப்பது ‘கடை கேட்கப்’ போவதுதான், அதாவது கடை கடையாகக் காசு கேட்பது. மேடைக்கு அழைப்பதும் திருநங்கை என்பதால், வீடு இல்லை என்பதும் அதனாலேயே. அதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று நாமே தள்ளிவிட்டு, பிழைத்தால் முகம் சுளிக்கிறோம்.

சினிமாவிலும் இதே கதைதான். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. நன்றாகத்தான் நடித்தார், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடிக்கத் தெரிந்த திருநங்கைக்கு ஒரு டீச்சர் வேடமோ அத்தை வேடமோ யார் தருகிறார்கள்?

இதற்கு மாறான கதையும் ஒன்று உண்டு. திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் மதுரையில் பிறந்தவர். வைஜயந்திமாலா படங்களைப் பார்த்துப் பார்த்து ஆடிப் பழகியவர், அந்த நடிகைக்கே நட்டுவனாரான தஞ்சை கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார். தஞ்சை நால்வர் மரபில் வந்த அந்தப் பெரியவர் அவரைச் சீடராகச் சேர்த்துக்கொண்டார். ‘நர்த்தகி’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. திருநங்கை ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. இதை நம்பிக்கைக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கென்னவோ அந்தக் குருவின் மேல்தான் கண் போகிறது. வாசலில் வந்து நின்ற பிள்ளையிடம் அவர் தேடியது ஆட்டத்தை. கரகத்திலோ நாடகத்திலோ அப்படி ஒரு வாத்தியார் எத்தனை பேருக்கு வாய்க்கிறார்? பத்திரிகைக்காரர்களான நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பேட்டி என்று போனால் ‘எந்த வயதில் உணர்ந்தீர்கள்?’ என்றுதான் ஆரம்பிப்போம். ஜதியைப் பற்றிக் கேட்பதற்குள் பக்கம் நிரம்பிவிடும்.

நம் வாசகர்களில் விழாக் கமிட்டிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட வருகிறவர்கள் உடை மாற்ற, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை ஒதுக்குங்கள். குடித்துவிட்டு மேடையேறுகிறவர்களை அங்கேயே நிறுத்துங்கள். பேசிய தொகையை, வண்டி கிளம்புவதற்கு முன்பே எண்ணிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது என்றால் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள், சந்தோஷமாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்