வெட்டும் சட்டம்! ஒட்டும் மருத்துவம்!

கை துண்டானால் வாழ்வே துண்டாயிற்று என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1962இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரயிலில் சிக்கி அறுந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கையை மீண்டும் பொருத்தினர் மருத்துவர். 1963இல் ஷாங்காய் நகரில் சென் சோங்வெய் எனும் அறுவை மருத்துவர், தொழிலாளி ஒருவரின் அறுந்த கையை இணைத்து உயிரூட்டினார். எலும்போடு எலும்பைப் பிணைத்து, குருதிக் குழாயைக் குழாயோடு தைத்து, நரம்பைத் தேடி நரம்போடு சேர்க்கும் அந்த அருங்கலை இன்று பல நாடுகளில் பரவிவிட்டது. அறுந்த கை சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் வந்து சேரவேண்டும். அதுவே தலையாய நிபந்தனை.

ஒட்டும் கலை வந்ததும் ஒரு கேள்வியும் உடன் வந்தது. விபத்து வெட்டிய கையை மருத்துவன் ஒட்டுகிறான். சட்டம் வெட்டிய கையை அவன் ஒட்டலாமா?

விளையாட்டுக் கேள்வியன்று இது. திருட்டுக்குக் கை வெட்டு என்பது இஸ்லாமியக் குற்றவியலில் 'ஹத்து' எனப்படும், வேதம் வரையறுத்த தண்டனைகளுள் ஒன்று. 1990 மார்ச்சில் ஜித்தாவில், பல முஸ்லிம் நாடுகளின் மார்க்கச் சட்ட அறிஞர்கள் அமர்ந்த அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை கூடி விடை பகர்ந்தது: கூடாது! வெட்டின் விளைவு உடலில் நிலைத்திருந்தால்தான் தண்டனை முழுமை பெறும் என்பது அவர்தம் காரணம். விதிவிலக்கும் வைத்தனர். தீர்ப்பிலோ, அதை நிறைவேற்றியதிலோ பிழை நேர்ந்திருப்பின் ஒட்டிக்கொள்ளலாமாம்!

கேட்கிறோம்: பிழை எப்போது தெரியவரும்? பொய்ச்சாட்சி சொன்னவன் மனம் புழுங்கி வாய் திறக்க ஆண்டுகள் ஆகலாம். உண்மைக் கள்வன் பிடிபட மாதங்கள் ஆகலாம். அறுந்த கை காத்திருப்பதோ சில மணி! பிழையை ஒப்புக்கொள்ள மன்றம் கூடுமுன் அழுகிப்போகும் அந்தக் கை. சலுகை ஏட்டில் இருக்கும், கை இருக்காது. பிழைபட்டால் திருத்த வழியற்ற தண்டனையை, பிழைபடும் இயல்புடைய மனிதன் விதிக்கலாமா? இந்தக் கேள்வியைத்தான் அறுவை அரங்கிலிருந்து எழுப்புகிறது இன்றைய மருத்துவம்.

இஃது இறைவன் சட்டம், இதில் மருத்துவனுக்கு என்ன வேலை என்பர் சிலர். அந்தச் சட்டத்தின் பழைய ஏடுகளையே புரட்டட்டும்! வெட்டிய இடத்தைக் கொதிக்கும் எண்ணெயில் தோய்த்துக் குருதியை நிறுத்துக என்றனர் அன்றைய சட்ட அறிஞர். பிணியாளனைப் பிணி தீருமுன் அடிக்காதே, கருவுற்றவளைப் பேறு முடியுமுன் தண்டிக்காதே என்றனர். பஞ்சம் வாட்டிய ஆண்டிலே கை வெட்டை நிறுத்திவைத்தார் கலீபா உமர் என்கிறது அவர்கள் வரலாறு. தம் காலத்து மருத்துவத்துக்குச் செவி சாய்த்தவர்கள் அவர்கள். பசியின் குரலுக்கும் செவி சாய்த்தவர்கள். அவர்தம் பெயரை நாளும் ஓதுவோர், தம் காலத்து மருத்துவத்துக்கு மட்டும் செவியை மூடிக்கொள்வானேன்?

மூடிக்கொண்டாலும், மருத்துவனை விட்டாரா? இல்லை! பாகிஸ்தானில் ஜியாவுல் ஹக் ஆட்சி 1979இல் பிறப்பித்த ஹுதூத் சட்டம், கை வெட்டும் பணியை மருத்துவ அதிகாரியின் தலையிலேயே கட்டிற்று. உயிருக்கு ஆபத்து என்று அவர் கருதினால் ஒத்திவைக்கலாம். ஆபத்து நீங்கியதும் வெட்டவேண்டும்! தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஆனால், கத்தி எடுக்க மாட்டோம் என்றனர் மருத்துவர். மேல் நீதிமன்றங்களும் தீர்ப்புகளைத் தள்ளின. சட்டம் ஏட்டில் கிடந்தது. கை எதுவும் வெட்டப்படவில்லை. படை திரட்டாமல், பழி தூற்றாமல், 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லால் விளைந்த வெற்றியன்றோ அது!

மாட்டேன் என்னாத இடத்தில் என்ன நேரும்? இணையத்தில் எழுதிய குற்றத்துக்காக ராயிஃப் பதாவிக்கு ஆயிரம் கசையடி விதித்தது சவுதி நீதிமன்றம். 2015 சனவரி 9ஆம் நாள் ஜித்தாவில் முதல் ஐம்பது விழுந்தன. அடுத்த தவணை வந்தபோது, புண் ஆறவில்லை என்றார் மருத்துவர், அடி தள்ளிவைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால், எண்ணிப் பாருங்கள்! புண் ஆறிவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால்? ஆற்றுவது எதற்காக, மீண்டும் கிழிப்பதற்கா? நாடி பார்க்கும் விரல் சவுக்குக்குத் தேதி குறிப்பதா?

கூடாது என்று 1975இலேயே டோக்கியோவில் அறிவித்தது உலக மருத்துவச் சங்கம். கொடிய, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் செயல் எதற்கும் மருத்துவர் துணைபோகலாகாது. குற்றம் எதுவாயினும் சரி. 1982இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையும் அவ்வழி நின்றது.

இதனை இஸ்லாத்தின்மீது தொடுத்த போர் என்று எவரும் திரிக்கவேண்டாம். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் நாடுகளில் மிகப்பல, கை வெட்டைச் சட்டத்தில் வைத்திருக்கவில்லை. திருடனின் விரலையும் கையையும் வெட்டச் சொன்னவன்தான் மனுவும். கசையடியை இந்தியா சட்டமியற்றி ஒழித்தது 1955இல்தான். மாறாதது என்றவையெல்லாம் மாறின. சவுதி உச்ச நீதிமன்றமே, நீதிபதிகள் தம் விருப்பப்படி விதித்துவந்த கசையடியை 2020இல் விலக்கி, அபராதமும் சிறையும் போதும் என்றது. அங்கு நகர்ந்த சட்டம், வேதம் அளவிட்ட தண்டனையின் வாயிலில் மட்டும் நின்றுவிட்டது.

கள்வனைச் சிறையிலிடுங்கள், களவுப் பொருளை மீட்டுத் தாருங்கள், தொழில் கற்பியுங்கள். உழைத்துக் கடனடைக்கக் கை வேண்டாமா? கையை வெட்டியபின் அவன் செய்யக்கூடிய தொழில் பிச்சை ஒன்றே. அவன் பிள்ளைகள் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பட்டினி!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபா நாட்டிலே அறுவைக் கருவிகளை வரைந்து விளக்கி நூல் எழுதினார் அஸ்ஸஹ்ராவி எனும் முஸ்லிம் மருத்துவ மேதை. பின்னாளில் ஐரோப்பாவே அந்நூலைப் படித்து அறுவை பயின்றது. உடலைச் சீராக்கவே அவர் கத்தியைத் தீட்டினார். அந்த மரபில் வந்த மருத்துவர்களிடம், அதே கத்தியால் நலமான கையை வெட்டு என்கிறது சட்டம்.

மாட்டோம் என்று அவர்கள் சொல்லட்டும். சொல்லும்போது அவர்கள் தனித்து நிற்கவேண்டியிராதபடி, நாமும் குரல் கொடுப்போம்.