கூட்டமா, கும்பலா?

கலியாணம் ஒன்றுக்காக மூதூரை அடுத்த கட்டைபறிச்சானுக்குப் போயிருந்தோம். 1977 கலவரத்தில் அடிபட்டு, மலையை விட்டுக் கிழக்கே போன உறவுகள். பந்தி முடிந்ததும் பேச்சு நமது சம்பளப் போராட்டத்துக்கு வந்தது.

“ஆயிரம் பேர் கூடினா கலவரம்தான். கூட்டத்துக்கு ஏது தம்பி புத்தி?” என்றார் ஒரு பெரியவர்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. 2006 ஏப்ரல் 12, வருஷப் பிறப்புக்குச் சாமான் வாங்கத் திருகோணமலைக்குப் போயிருக்கிறார். மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. சற்று நேரத்தில் ஒரு கும்பல் தமிழர் கடைகளை உடைத்துத் தீ வைத்தது. கடைக்காரர் ஒருவர் இவரை உள்ளே இழுத்துக் கதவை அடைத்ததால் உயிர் தப்பினார்.

“எது தமிழர் கடை என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டோம்.

கொஞ்சம் யோசித்து, “தெரிஞ்சுதான் வந்தாங்க” என்றார்.

நாமும் அதைத்தான் சொல்கிறோம். 1983 ஜூலையில் கொழும்பில் அலைந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ முகாமில் 25க்கு மேற்பட்ட தமிழர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டபோது பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். புத்தி கெட்டவனுக்கு இடாப்பு எதற்கு? வேடிக்கை பார்க்க வந்தவனும் கொள்ளையில் கை நனைத்தான், உண்மைதான். ஆனால் முதலில் வழிகாட்டியவன் ஒருவன். கண்ணை மூடிக்கொண்டவன் இன்னொருவன்.

நமது கூட்டங்களையும் பாருங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாவில் வேலைநிறுத்தம். கோவிந்தன் செத்தது பொலிஸ் குண்டில். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்துத் திரண்டபோது சிவனு லெட்சுமணன் செத்ததும் பொலிஸ் குண்டில்தான். 2018 ஒக்டோபர் 24 அன்று 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு நம் பிள்ளைகள் காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். அதற்குக் கலவரம் என்றா பெயர்?

துரைமார் நம்மைக் கூடவிடாமல் தடுக்கச் சொல்வதும் அந்தப் பெரியவர் சொன்னதையேதான். அவர் பயந்து சொன்னார். இவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள்.

பெரட்டுக் களத்தில் கூடும் நாம் முகம் தெரிந்தவர்கள். கல்லை எடுப்பவன் எந்த லயத்துப் பிள்ளை என்று தெரியும். மாதர் தலைவி ஒரு சத்தம் போட்டாலே கீழே போட்டுவிடுவான். டவுனுக்கு ஊர்வலம் போகும்போதுதான் இந்தக் கட்டு தளர்கிறது. ஆகவே அடுத்த ஊர்வலத்தில் அந்தந்தத் தோட்டத்தார் தங்கள் தலைவரோடு சேர்ந்தே நடக்க வேண்டும். போனில் வரும் வதந்தியைத் தலைவரிடம் காட்டாமல் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. தெரியாத முகம் ஒன்று முன்னால் வந்து “அடி, உடை” என்று கத்தினால், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று முதலில் கேளுங்கள்.