மிளகளவு கட்டி



எங்கள் வீட்டில் கறுப்பி என்றொரு பூனை இருந்தாள். பத்து வயது. ஐப்பசி மழை நாளொன்றில் மடியில் மல்லாந்து கிடந்தவளின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். முலைக்காம்பு ஒன்றின் அருகே, தோலுக்கடியில் மிளகளவில் ஏதோ உருண்டது. அழுத்தினேன். அவளுக்கு வலிக்கவில்லை. ‘பால் கட்டியிருக்கும், தானே கரைந்துவிடும்’ என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அவள் குட்டி போட்டு மூன்று வருடம் ஆகிறதே, பால் ஏது என்று யாருக்கும் தோன்றவில்லை. பொங்கல் கழிந்து கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனபோது மிளகு நெல்லிக்காயாகியிருந்தது.

“வலிச்சிருந்தா அன்னைக்கே கொண்டுவந்திருப்பீங்கம்மா. வலிக்கலைன்னுதான் விட்டுட்டீங்க” என்றார் மருத்துவர். அந்தச் சொல் இன்னும் மனதில் நிற்கிறது.

பெண் பூனையின் முலைக்காம்புகளைச் சுற்றி வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல் புற்றுக்கட்டிகளே. நிணநீர் முடிச்சுக்கும் நுரையீரலுக்கும் பரவக்கூடியவை. 2 செ.மீ.க்குள் இருக்கும்போதே அறுத்தெடுத்தால் பூனை நெடுநாள் வாழ வாய்ப்புண்டு. வளர வளர அந்த வாய்ப்பு தேய்கிறது.

‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும்’ என்று சொல்லி நாமெல்லாம் கருத்தடையைத் தள்ளிப்போடுவோம். ஆனால் ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைக்கு இந்தப் புற்று வரும் ஆபத்து ஏறத்தாழ 90 சதவீதம் குறைகிறது. ஒரு வயதுக்குள் செய்தாலும் பெரும் பலன் உண்டு. அறுவைக்குப் பயந்து கொடுக்கிற கருத்தடை ஹார்மோன் மருந்துகளோ ஆபத்தைக் கூட்டுகின்றன.

பூனைக்கு வரும் புற்று இது ஒன்றுதானா? இல்லை. வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் வெயில் பட்டுப் பட்டு ஆறாத புண்ணாகத் தொடங்குவது ஒன்று. குடலில் வரும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று இன்னொன்று. அதில் வாந்தியும் மெலிவும்தான் முதலில் தெரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், ஒரே வீட்டுப் பூனைகள் பலவற்றுக்கு லிம்போமா வந்ததைத் தொடர்ந்து ஆராய்ந்த வில்லியம் ஜாரெட், 1964இல் அதன் பின்னால் ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டார். அதைப் பூனை லுகீமியா வைரஸ் என்கிறோம். எச்சில் வழியே பூனைக்குப் பூனை தொற்றும், மனிதருக்குத் தொற்றாது. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தடுப்பூசியும் உண்டு. புதுப் பூனையை வீட்டுப் பூனைகளோடு விடுமுன் சோதித்துவிடுவது நல்லது.

பூனை தன் வலியைச் சொல்லாது. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பை நக்கித் துடைப்பதை விட்டுவிடும். மீனை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும். எடை குறைகிறதா என்று பார்க்க, பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள். 4 கிலோ பூனையில் 400 கிராம் குறைந்தால், 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். வலிக்கிறதே என்று பாவம் பார்த்து நம் வீட்டுப் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

கட்டியை அறுத்தெடுத்த பிறகு கறுப்பி ஏழு மாதம் இருந்தாள். கடைசி வரை ஜன்னல் திண்டில் வெயில் காய்ந்தாள். ஐப்பசியிலிருந்து பொங்கல் வரையிலான அந்த மூன்று மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது வீட்டில் மணி என்றொரு பெண்குட்டி. ஐந்தாம் மாதமே கருத்தடை செய்துவிட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவளை மடியில் மல்லாக்கப் போட்டு, அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை, ஒவ்வொரு காம்பாக விரலால் தடவிப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம் போதும். கொஞ்சுகிறேன் என்றே அவள் நினைத்துக்கொள்கிறாள்.

இன்று உங்கள் பூனை மடியேறும்போது நீங்களும் தடவிப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்