நிறுவலையும் நெட்டுருச் செய்வதோ?

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் கணக்குப் பயின்று, அதில் நல்ல மதிப்பெண்ணும் பெற்று, கணக்கியலையே முதன்மையாகக் கொண்டு இளம் அறிவியல் பட்டத்திற்குச் சேரும் மாணாக்கன், மூன்றாண்டு கழித்து எந்நிலையில் வெளியே வருகின்றான் என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? மருத்துவமும் பொறியியலும் தமிழில் வருதல் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்கத்தான் வேண்டும். ஆயின், பொறியியலுக்கும் ஏனை அறிவியல்களுக்கும் அடிமணையாகிய கணக்கியல், கல்லூரி வாயிலில் கால் வைத்த அன்றே தமிழைக் கைவிட்டு விடுகின்றது என்பதும், அதனால் மொழியோடு சேர்ந்து அம் மாணாக்கனின் எண்ணும் ஆற்றலும் கெடுகின்றது என்பதும் நம் பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

“கணக்கிற்கு மொழி ஏது? எல்லாம் எண்ணும் குறியுந்தாமே!” என்று கேட்பார் உளர். ஆங்கிலப் பற்றாளர் மட்டுமல்லர். நம் அன்பர் சிலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றேன். பள்ளிக் கணக்கைப் பொறுத்தவரை இஃது ஓரளவு மெய்யே. முதலாண்டில் வருகின்ற வகையிடல், தொகையிடல் ஆகியவற்றையும் வாய்பாடுகளைக் கொண்டு ஒருவாறு கடந்து விடலாம். ஆனால் கணக்கியலைத் தனிப்பட்டமாகப் பயில்வதன் உயிர்நிலை மூன்றாமாண்டில் உள்ளது. மெய்யெண் பகுப்பாய்வும், குலம், வளையம், களம் என்று விரியும் புதுமுறை இயற்கணிதமும் அங்குத்தான் வருகின்றன. அவற்றில் கணக்குப் போடுதல் குறைவு, நிறுவுதலே மிகுதி. நிறுவலாவது சொற்றொடர்களால் ஆன சங்கிலி. ‘எனின்’, ‘ஆகலின்’, ‘இல்லாவிடின்’, ‘ஒவ்வொரு’, ‘யாதேனும் ஒன்று’ என்னும் சிறு சொற்களே அச் சங்கிலியின் கண்ணிகள். அச் சொற்கள் உள்ளத்தில் தாமே இயங்கும் மொழியில் அமையவில்லையாயின், கண்ணி ஒவ்வொன்றும் கழன்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். “ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கிணறு உண்டு” என்பதும், “எல்லா ஊர்க்கும் பொதுவாக ஒரே கிணறு உண்டு” என்பதும் வெவ்வேறு செய்திகள். இவ் வேறுபாடு ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆங்கிலத்திலோ, ‘ஓர் ஊருக்கு ஒரு கிணறு’ என்பதில் எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது என்பதைக் கொண்டே பொருள் மாறும். சில இடங்களில் சொற்றொடரே இரு பொருளுக்கும் இடங்கொடுத்து நிற்கும். அம்மொழியிற் பிறந்து வளர்ந்த மாணாக்கரே இவ்விடத்தில் தடுமாறுவர். இப்பொழுது பகுப்பாய்விற்கு வருவோம். சார்பு ஒன்று தொடர்ச்சியுடையது என்றால், எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு எந்தப் பிழையளவைக் குறித்தாலும், அப்புள்ளிக்கும் அப்பிழையளவுக்கும் ஏற்ற ஓர் அண்மையளவு உண்டு என்பது பொருள். அது சீரான தொடர்ச்சியுடையது என்றால், எந்தப் பிழையளவைக் குறித்தாலும் எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே அண்மையளவு உண்டு என்பது பொருள். முன்னது ஊருக்கொரு கிணறு. பின்னது எல்லார்க்கும் ஒரே கிணறு.

எண்ணைத் தன்னாலேயே பெருக்கும் சார்பைக் கொள்க. விடையில் ஒன்றுக்கு மேற்படாத பிழையையே பொறுப்போம் எனின், 10-க்கு அருகில் நாம் விலகக்கூடிய தொலைவு இருபதில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. நம் முன்னோர் கணக்கில் ஒரு மாவிற்குச் சற்றுக் குறைவு. 1000-க்கு அருகிலோ அஃது இரண்டாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் சுருங்கிவிடும். எண் வளர வளர, அண்மை சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஓர் அண்மையளவு கிடைக்கவே கிடைக்காது. இச்சார்பு தொடர்ச்சியுடையது, ஆயின் சீரான தொடர்ச்சியுடையதன்று. இதனைத் தமிழில் சொல்ல எனக்கு எங்கும் இடர்ப்பாடு நேரவில்லை. படிப்பவரும், கணக்கியல் பயிலாதவராயினும், ஒருவாறு பின்தொடர்ந்திருப்பீர்கள்.

இதே செய்தியை நம் மாணாக்கன் எவ்வாறு பெறுகின்றான்? ஆங்கிலத்தில் அச்சிட்ட பொத்தகத்திலிருந்து ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகின்றார். இடையிடையே தமிழில் இரண்டொரு சொல் கூறுகின்றார். மாணாக்கன் எழுத்துப் பிசகாமற் படியெடுத்துக் கொள்கின்றான். தேர்வுக்கு முன்னிரவில் அதனை நெட்டுருச் செய்கின்றான். கல்லூரியில் கணக்குக் கற்பித்த ஆண்டுகளில் நான் விடைத்தாள்களிற் கண்டது இதுதான்: நிறுவலின் எட்டாவது வரி விடுபட்டிருக்கும், ஒன்பதாவது வரி பிழையின்றி இருக்கும். விடுபட்டதனால் பின்வருவது நிற்காது என்பது எழுதியவனுக்குத் தெரியாது. நிறுவலில் வரும் எழுத்துக் குறிகளை மாற்றி வினாவைக் கேட்டால் எழுதுகோல் நகராது. திருக்குறளை நெட்டுருச் செய்தவனிடம் என்றேனும் ஒருநாள் அதன் பொருள் விளங்கும் என்று நம்பலாம். பொருளறியாமல் நெட்டுருச் செய்த நிறுவலோ தேர்வு முடிந்த மறுநாளே போய்விடும். இவ்வாறு பட்டம் பெற்றோருள் பலர் ஆசிரியப் பயிற்சியும் பெற்று மீண்டும் நம் பள்ளிகளுக்கே கணக்கு ஆசிரியராய் வருகின்றனர் என்பதையும் சேர்த்து எண்ணுக. ஏன் என்று கேட்கும் சிறுவனுக்கு அவர் என்ன விடை தருவார்?

இதற்கு யாரை நோவது? 1968-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இருமொழிக் கொள்கையை வகுத்த தமிழகச் சட்டமன்றம், ஐந்தாண்டிற்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும் முடிவு செய்தது. அதனையொட்டி அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. கணக்கியல் நூல்களும் அவற்றுள் உண்டு. பின்னர் அம்முயற்சி தேய்ந்தது. 2010-இல் தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசு வேலையில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. வேலைக்குத் தமிழ் என்று சட்டம் சொல்கின்றது; அவ்வேலைக்குரிய பட்டத்தைத் தமிழில் பயில, இன்றைய பாடத்திட்டத்திற்கேற்ற நல்ல பொத்தகம் எங்கே என்று தேட வேண்டியுள்ளது. அரசு கலைக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவு உண்டு. அங்கும் மூன்றாமாண்டு மாணாக்கன் ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பையே நம்பி நிற்கும் நிலையைப் பார்த்திருக்கின்றேன்.

அரசை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நாம் என்ன செய்தோம்? எண்ணும் எழுத்தும் இரு கண் என்றார் வள்ளுவர் என்று கூறிக் கைதட்டுப் பெறுகின்றோம். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு என்றும், கீழ்முந்திரி அதனினும் 320 மடங்கு சிறிது என்றும் கணக்கதிகாரத்தைக் காட்டிப் பெருமை பேசுகின்றோம். பெருமைக்குரியதுதான், அதனை இழித்துப் பேசுவார்க்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் முந்திரியும் காணியும் மூன்றாமாண்டு மாணாக்கனுக்குக் குலக் கோட்பாட்டைக் கற்றுத் தாரா. சீனிவாச இராமானுசனைச் சான்று காட்டுவாரும் உளர். குடந்தைக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரையில் தவறியதால் உதவித்தொகையை இழந்தவர், இந்தியாவில் பட்டம் எதுவும் பெறாதிருந்தும் 1918-இல் இலண்டன் வேந்தியற் கழகத்தின் உறுப்பினரானவர் என்பன உண்மை. ஆனால் அவர் குறிப்பேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றில் நிறுவல்களும் அரியன. நிறுவலின் தேவையை ஆர்டி அவருக்கு எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. ஆயிரத்தில் ஒருவராய்ப் பிறப்பவர்க்கு எவ்வழியும் வழியே. நாம் பேசுவது எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி.

சப்பானியர் இதனை எவ்வாறு செய்தனர் என்பது நமக்கு மிகவும் பயன்படும். 1877-இல் தோக்கியோப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அங்கும் மேலைமொழிகளிலேயே கற்பித்தனர். அதே ஆண்டில் தோன்றிய தோக்கியோக் கணக்கியற் கழகத்தார், 1880 முதல் கூடிக் கூடி, ஒவ்வொரு கலைச்சொல்லாக எடுத்து வாதிட்டு முடிவு செய்தனர். கேம்பிரிட்சில் பயின்று திரும்பிய கிகுச்சி தைரோக்கு 1888-இல் வடிவியல் பாடநூலைத் தம் மொழியில் எழுதினார். அடுத்த தலைமுறையில் வந்த தகாகி தெய்சி, எண்கோட்பாட்டில் உலகமே மதித்த தம் 1920-ஆம் ஆண்டு ஆய்வுரையைச் செருமன் மொழியில் எழுதினார். அறிவுலகம் அதனை அறிய வேண்டுமன்றோ? ஆயின் 1938-இல் பகுப்பாய்விற்கு அவர் எழுதிய பெருநூல் சப்பானிய மொழியில் அமைந்தது. இன்றும் அது விற்பனையாகின்றது. பிறமொழி அறிவு வேண்டா என்று அவர்கள் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. நம் மாணாக்கனும் ஆங்கில நூல்களைப் படிக்கட்டும்; நிறுவல் என்றால் என்னவென்று தன் மொழியில் தெளிந்தபின் படிக்கட்டும்.

கலைச்சொல் இன்மை ஒரு தடையன்று. சொல் மிகுந்து கிடப்பதே இன்றைய சிக்கல். எண்களை நிரை நிரலாக அடுக்கியதை இங்கே ‘அணி’ என்கின்றோம். ஈழத்தில் ‘தாயம்’ என்கின்றனர். அளவும் திசையும் ஒருங்குடையதை நாம் ‘திசையன்’ என்போம். அவர்கள் ‘காவி’ என்பர். நம் பள்ளிப் பாடநூலோ வெட்கமின்றி ‘வெக்டர்’ என்றே அச்சிடுகின்றது! இங்கே ‘கலப்பெண்’, அங்கே ‘சிக்கலெண்’. என் தேர்வைச் சொல்லிவிடுகின்றேன். காவுதல் என்பது சுமத்தல்; காவடியில் உள்ளது அச்சொல்லே. ஆகவே ‘காவி’ சுருக்கமும் பொருத்தமும் உடையது. உடையின் நிறம் நினைவுக்கு வந்து சிலர் நகைப்பாராயின் நகைக்கட்டும். ‘சிக்கலெண்’ என்பதோ படிக்குமுன்னரே மாணாக்கனை அச்சுறுத்துவது. மெய்யும் கற்பனையும் கலந்த எண் என்று தானே விளக்கும் ‘கலப்பெண்’ நிற்கட்டும். மூன்றாண்டுப் பட்டத்திற்கு முடிவு செய்யவேண்டிய இத்தகைய சொற்கள் சில நூறே. ஈழத்தாரும் நம்மவரும் உடனமர்ந்தால் ஓராண்டில் முடிந்துவிடும்.

அதன்பின் நூல். ஓய்வு பெற்ற கணக்கியற் பேராசிரியர் எத்துணைப் பேர் நம் இதழைப் படிக்கின்றனர் என்பது அவர்கள் விடுக்கும் மடல்களால் தெரிகின்றது. பாவும் கட்டுரையும் விடுக்கும் அவ்வன்பர்கள், ஓர் ஆண்டிற்கு அவற்றை நிறுத்திவைத்து, மூவர் மூவராகக் கூடி ஒரு நூல் எழுதட்டும். மொழிபெயர்ப்பு வேண்டா, கரும்பலகைமுன் நின்று தமிழ் மாணாக்கனுக்குச் சொல்வது போலவே எழுதுக. முதலில் மெய்யெண் பகுப்பாய்வு வரட்டும், நுண்கணிதம் பிறகு வரலாம். ஏனெனில், மாணாக்கன் விழுகின்ற இடம் அதுதான்.